மூன்று தரம் சொல்லாதவர்களின் புகார்

காரைக்கால் தருமபுரத்திலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு அரசலாற்றங்கரை மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால், ஏலம் என்றால் என்ன என்பதைக் கண்ணால் பார்க்கலாம். கூடையைக் கவிழ்த்து மீனைக் கொட்டியதும் ஏலம் விடுகிறவர் ஒரு விலையைச் சொல்கிறார். ஒருவர் தலையசைக்கிறார், ஒருவர் விரல் காட்டுகிறார். 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று அவர் இழுக்கும்போது, அதுவரை வாய் திறக்காமல் பின்னால் நின்ற மீன்காரம்மா ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்கிறார். எண்ணிக்கை மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. 'இவ்வளவு நேரம் ஏன் சும்மா நின்றாய்' என்று அந்த அம்மாவை யாரும் கேட்பதில்லை. மீனுக்குச் சொந்தக்காரர் கேட்கவே மாட்டார். அவருக்கு ஐம்பது ரூபாய் லாபம்.

அதே ஊரில் இரவு இன்னொரு ஏலம் நடக்கிறது. சத்தமில்லாத ஏலம். பழங்காசும் தபால்தலையும் சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் படம் போட்டு, 'ஆரம்ப விலை 500, இரவு 10 மணிக்கு முடியும்' என்று எழுதுகிறார். போன மார்கழியில் அப்படி ஒரு காசு வந்தது. தமிழில் காரைக்கால் என்று பொறித்த, பிரெஞ்சுக் காலத்துச் செப்புக்காசு. ஓரம் தேய்ந்திருந்தாலும் எழுத்து நின்றது. வேறொருவர் 1,600 வரை கேட்டிருந்தார். நான் 1,650 என்று தட்டியபோது மணி 9.59, சில நொடிகள் பாக்கி. பத்து மணியானதும் விற்பவர் எழுதினார்: 'ஒளிஞ்சிருந்து கொத்துறது நல்ல பழக்கம் இல்லை சார்.' காசு இன்றுவரை என் கைக்கு வரவில்லை. குழுவில் பெரும்பாலானவர்கள் அவர் பக்கம்தான் நின்றார்கள்.

இது ஒரு குழுவின் சங்கதி மட்டுமல்ல. இணையத்தில் ஏலம் என்று ஒன்று வந்த நாளிலிருந்து விற்பவர்கள் பாடுகிற பாட்டு இது. கடைசி நொடியில் கேட்பவன் மற்றவர்களின் வாய்ப்பைப் பறிக்கிறான், விற்பவருக்கு நியாயமாக வரவேண்டிய விலையைக் குறைக்கிறான், ஏலத்தின் நாணயத்தையே கெடுக்கிறான் என்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு வைத்த பெயரே 'ஸ்னைப்பிங்', அதாவது மறைந்திருந்து சுடுவது. வாலி வதம் சரியா தவறா என்று தலைமுறை தலைமுறையாகப் பட்டிமன்றம் நடத்தியவர்கள் நாம். மறைந்து நின்று என்ற சொல் காதில் விழுந்ததுமே பாதித் தீர்ப்பை எழுதிவிடுகிறோம். ஆனால் இங்கே யார் மார்பிலும் அம்பு பாயவில்லை. 'நான் கூடுதலாகத் தருகிறேன்' என்று ஒருவன் சொன்னான். குறித்த நேரத்துக்குள் சொன்னான். குற்றம் அவ்வளவுதான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நான் கேட்காமல் இருந்திருந்தால் அந்த விற்பனையாளருக்கு 1,600 கிடைத்திருக்கும். கேட்டதால் 1,650. கடைசி நொடியில் வருகிற கேள்வி எதுவானாலும் விலையை ஏற்றத்தான் முடியும், இறக்க முடியாது. ஆகவே அவருடைய வருத்தம் வந்த பணத்தைப் பற்றியதல்ல. வந்திருக்கக்கூடும் என்று அவர் கற்பனை செய்கிற பணத்தைப் பற்றியது. 'நீங்கள் எட்டு மணிக்கே கேட்டிருந்தால் அவர் 1,800 என்றிருப்பார், நீங்கள் 2,000 என்றிருப்பீர்கள்' என்கிறார். சரி, அந்த இன்னொருவர் 1,800 தரத் தயாராக இருந்தவர் என்றால், அதை ஏன் அவர் முன்னதாகவே சொல்லவில்லை? அவரும் விலையைக் கையில் மூடி வைத்துக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தார்? அவர் மறைத்தது சாமர்த்தியம், நான் மறைத்தது அயோக்கியத்தனமா?

ஈபே போன்ற தளங்களில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அங்கே நீங்கள் தரக்கூடிய உச்ச விலையை இயந்திரத்திடம் சொல்லிவிட்டுத் தூங்கப் போகலாம். எதிராளி ஏற ஏற, உங்கள் சார்பில் இயந்திரமே படிப்படியாக ஏற்றிக் கேட்கும். நீங்கள் சொன்ன எல்லையைத் தாண்டாது. ஒருவர் 2,000 என்று எல்லை வைத்திருக்கிறார், கடைசி நொடியில் நான் 3,000 என்று போடுகிறேன் என்று வையுங்கள். நான் கொடுப்பது 3,000 அல்ல. 2,000க்கு மேல் ஒரு படி, அவ்வளவே. முதலாமவர் தன் எல்லையை உண்மையாகச் சொல்லியிருந்தால் என் அவசரம் அவரை ஒன்றும் செய்திருக்காது. அவர் எல்லை நிஜமாகவே 4,000 என்றால், நான் எந்த நொடியில் வந்தாலும் காசு அவருக்குத்தான். நொடியில் தோற்றேன் என்று புலம்புகிறவர்களில் பலர் உண்மையில் தங்கள் மனதை முழுதாகச் சொல்லாததால் தோற்றவர்கள்.

இந்த இரண்டாம் விலை முறையை ஏதோ கணினிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். 1961ல் இதன் கணக்கை எழுதியவர் பொருளியலாளர் வில்லியம் விக்ரி. 1996ல் நோபல் பரிசு அறிவித்த மூன்றாம் நாள் இறந்துபோனார், பாவம். ஆனால் அவருக்கும் வெகு முன்பே, 1893ல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தபால்தலை வணிகர்கள் இதே முறையில் அஞ்சல் வழி ஏலம் விட்டிருக்கிறார்கள். பிரெஞ்சிந்தியாவுக்கென்று தனித் தபால்தலை வந்த 1892க்கு மறு வருடம் அது. வாங்குபவர்கள் கடிதத்தில் தங்கள் உச்ச விலையை எழுதி அனுப்புவார்கள். அதிகம் எழுதியவருக்குப் பொருள். விலையோ இரண்டாமவர் எழுதியதை ஒட்டி. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. மற்றவர் என்ன எழுதினார் என்று பார்த்துவிட்டு ஏற்றிக் கேட்கிற வாய்ப்பே கிடையாது. தபால்தலை விற்றவர்களே விரும்பி உண்டாக்கிய ஏற்பாடு இது. இன்று கடைசி நொடியில் கேட்பவன் செய்வதெல்லாம், திறந்த ஏலத்தை அந்தப் பழைய மூடிய ஏலமாக மாற்றிக்கொள்வதுதான்.

மூடிய ஏலம் நமக்கு அந்நியமும் அல்ல. பருத்திப் பருவத்தில் செம்பனார்கோவிலிலோ கும்பகோணத்திலோ ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே நடப்பது மறைமுக ஏலம். வியாபாரிகள் ஒவ்வொரு குவியலையும் கையில் எடுத்துப் பார்த்து, விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுகிறார்கள். பெட்டி திறக்கும்வரை யார் என்ன எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. எழுதிய விலையையே கொடுக்க வேண்டும் என்பது ஈபேயிலிருந்து வேறுபடுகிற இடம். ஆனால் எல்லோரும் ஒரே சமயத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் விலை சொல்கிறார்கள் என்பதில் இரண்டும் ஒன்று. பருத்தி விவசாயிக்கு அங்கே மனக்குறை இல்லாமல் இல்லை. விலை போதவில்லை என்று சாலையில் உட்கார்ந்திருக்கிறார்கள், வியாபாரிகள் சிண்டிகேட் போடுகிறார்கள் என்று குமுறியிருக்கிறார்கள். ஆனால் 'கடைசியில் சீட்டு போட்டார்' என்று எந்த விவசாயியும் எந்த வியாபாரியையும் திட்டி நான் கேட்டதில்லை. தன் வயிற்றில் அடிப்பது எது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது கடிகாரத்துக்கு வருகிறேன். சச்சரவின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஏலம் என்ற சொல்லே போர்த்துக்கீசியரின் 'லெய்லாவ்' என்பதிலிருந்து வந்தது என்பார்கள் அகராதிக்காரர்கள். வடக்கே தரங்கம்பாடியில் டேனிஷ்காரன், தெற்கே நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியனும் டச்சுக்காரனும், நடுவில் காரைக்காலில் பிரெஞ்சுக்காரன் என்று வியாபாரிகள் வரிசையாகக் கடைபோட்ட கரை இது. சொல் கப்பலில் வந்திருக்கலாம். ஆனால் 'மூன்று தரம்' சொல்வதை நாம் முழுசாக நம்முடையதாக்கிக்கொண்டோம். அதன் சூட்சுமம் என்னவென்றால், ஏலம் முடிகிற நேரத்தைக் கடிகாரம் தீர்மானிப்பதில்லை, மௌனம் தீர்மானிக்கிறது. இனி யாருக்கும் கேட்க விருப்பமில்லை என்பது மூன்று முறை உறுதியான பிறகுதான் சம்மட்டி விழும். அங்கே கடைசி நொடி என்று ஒன்று இல்லவே இல்லை. ஒவ்வொரு கேள்வியும் புதிதாக ஒரு மூன்று தரத்தைப் பிறப்பிக்கிறது.

பதினேழாம் நூற்றாண்டு லண்டனில் வேறு வழக்கம் இருந்தது. ஓர் அங்குல மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைப்பார்கள். சுடர் அணைவதற்குள் கடைசியாகக் கேட்டவருக்குப் பொருள். 1662 செப்டம்பரில் கடற்படையின் பழைய கப்பல்களை இப்படி விற்றபோது உடனிருந்த சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆரம்பத்தில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்களாம். திரி அணையப்போகும் நேரத்தில் கூச்சல். அதில் ஒருவர் மட்டும் தவறாமல் கடைசிக் கேள்வியைப் போட்டுத் தட்டிச் சென்றிருக்கிறார். ரகசியம் என்னவென்று பீப்ஸ் விசாரித்தார். சுடர் அணையும் தறுவாயில் புகை கீழ்நோக்கி இறங்கும், அதைப் பார்த்துக் கேட்பேன் என்றாராம் அவர். இணையமும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஆனாலும் அங்கே ஒரு ஸ்னைப்பர் இருக்கிறார்! முடியும் கணம் முன்கூட்டியே குறித்த ஏலம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் புகையைப் பார்ப்பவன் பிறப்பான். பீப்ஸ் அவரைத் திட்டவில்லை, வியந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சுக்காரர்களும் மெழுகுவர்த்தி ஏலம் நடத்தினார்கள், இன்னும் சில இடங்களில் நடத்துகிறார்கள். ஆனால் அவர்களுடைய ஏற்பாடு வேறு. சின்னச் சின்னத் திரிகள். ஒரு கேள்வி விழுந்தால் புதுத் திரி ஏற்ற வேண்டும். புதுக் கேள்வி எழாமல் திரிகள் அடுத்தடுத்து அணைந்தால்தான் ஏலம் முடியும். நம் மூன்று தரத்துக்கு அவர்கள் நெருப்பில் செய்த நகல் என்று சொல்லலாம் போலிருக்கிறது. இரண்டும் மெழுகுவர்த்திதான், ஆட்களும் ஒரே மாதிரி ஆசைக்காரர்கள்தான். லண்டன் முறையில் புகை பார்ப்பவனுக்கு வேலை இருந்தது, பிரெஞ்சு முறையில் அவனுக்கு வேலை இல்லை. வித்தியாசம் விதியில்.

இதே சோதனையை நம் காலத்திலும் காலம் நடத்திக் காட்டியது. 1999ல் அமேசான் ஏலத்தளம் ஒன்றைத் தொடங்கியது. குறித்த நேரம் வந்தாலும், கடைசிக் கேள்விக்குப் பின் பத்து நிமிடம் அமைதியாகக் கழிந்தால்தான் அங்கே ஏலம் முடியும். ஈபேயில் குறித்த நொடியோடு சரி. ஆல்வின் ராத், ஆக்செல் ஒக்கன்ஃபெல்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டு 2002ல் கட்டுரை எழுதினார்கள். கடைசி நேர நெரிசல் ஈபேயில் மிக அதிகம், அமேசானில் சொற்பம். பிறகு டான் ஏரியலியோடு சேர்ந்து ஆய்வுக்கூடத்தில் ஆட்களை உட்காரவைத்தும் பார்த்தார்கள். முடிவு விதியை மட்டும் மாற்றினாலே போதும், நடத்தை மாறிவிடுகிறது என்று தெரிந்தது. ஆக, கடைசி நொடியில் கேட்பது ஒரு மனிதனின் குணக்கேடு அல்ல, கடிகாரத்தின் நிழல்.

வேடிக்கை அதற்கப்புறம்தான். அந்த இரண்டில் எது பிழைத்தது? பத்து நிமிடம் காத்த அமேசான் ஏலம் சில வருடங்களில் காணாமல் போனது. விற்பவர்கள் கூட்டம் கூட்டமாகப் போன இடம் ஈபே. இந்தியாவிலும் 2004ல் பாஸி.காம் ஏலத்தளத்தை ஈபே வாங்கியதும் நம் காசு வியாபாரிகள் அங்கேதான் கடை விரித்தார்கள். 2017ல் அது ஃபிளிப்கார்ட் கைக்குப் போய் 2018ல் இழுத்து மூடியபின்தான் வாட்ஸ்அப் குழுக்களுக்கு இத்தனை மவுசு. வாங்குபவர் கூட்டம் எங்கே அதிகமோ அங்கே போவது வியாபார புத்தி, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கறாரான கடிகாரம் உள்ள சந்தையைத் தாமே தேர்ந்தெடுத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தவன் மேல் பாய்வது என்ன நியாயம்?

வாட்ஸ்அப் குழுவில் இந்தச் சாக்குக்கூட இல்லை. அங்கே விதி எழுதுவது விற்பவரேதான். 'கடைசிக் கேள்விக்குப் பின் மூன்று நிமிடம்' என்று ஒரு வரி சேர்த்தால் விவகாரம் தீர்ந்தது. வங்கிகள் ஜப்தி செய்த வீட்டை மின்னேலம் விடும்போது நாளிதழில் வரும் அறிவிப்பைப் படித்துப் பாருங்கள். இறுதி நிமிடங்களில் கேள்வி வந்தால் ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ தானாக நீளும் என்று பொடி எழுத்தில் இருக்கும். ஜப்பானின் யாகூ ஏலத்தில் நீட்டிப்பு வேண்டுமா வேண்டாமா என்று விற்பவரே தேர்வு செய்யலாம். எல்லாருக்கும் தெரிந்த மருந்து இது. நான் இதைக் குழுவில் சொன்னபோது வந்த பதில் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது: 'அப்படி வைத்தால் ராத்திரி பன்னிரண்டு மணிவரை இழுக்கும் சார், யார் கண்விழிப்பது?' அதாவது, அவருக்குத் தூக்கமும் கெடக்கூடாது, விலையும் ஏறவேண்டும். அதற்காக நான் எட்டு மணிக்கே வந்து என் ஆசையைக் காட்டிவிட வேண்டும்.

ஆசையைக் காட்டுவது பற்றி ஏலச்சீட்டு போடும் நம் வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். சீட்டு ஏலத்தன்று யார் முகத்திலும் ஈ ஆடாது. பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானவர், வட்டிக்காரன் வாசலில் நிற்பவர் எல்லோரும் பணமே வேண்டாத மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். முடியப்போகிற சமயத்தில்தான் தள்ளுபடித் தொகை வாயிலிருந்து வரும். தேவையை முன்பே காட்டினால் எதிரில் இருப்பவர்கள் ஏற்றிவிட்டு அதிகம் தள்ளி எடுக்க வைப்பார்கள் என்பது பாலர் பாடம். இதைக் குடும்பம் நடத்தத் தெரிந்தவர் என்று மெச்சுகிற நாம், காசு வாங்குபவன் செய்தால் கள்ளத்தனம் என்கிறோம்.

இன்னொன்று, அறிவின் விலை. ராத்தும் ஒக்கன்ஃபெல்ஸும் கவனித்த இன்னொரு விஷயம், ஈபேயில் கணினிகளைவிடப் பழம்பொருட்களில் கடைசி நேரக் கேள்வி கூடுதல் என்பது. ஏன் என்று சேகரிப்பவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு காசு அசலா போலியா, சாதாரண வார்ப்பா அபூர்வமா என்று படத்தைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் கொஞ்சம் பேர். அவர்களில் ஒருவர் முன்னதாகக் கேட்டால், அந்தப் பெயரைப் பார்த்தே நாலு பேர் பின்னால் வருவார்கள். இருபது வருடம் புத்தகம் புரட்டி, கண் கெட்டுச் சேர்த்த அறிவை அவர் ஓசியில் ஊருக்கு விளம்பினதாகிவிடும். விற்பவர் எதிர்பார்ப்பது அதைத்தான். காசை நிறுத்து எடை எழுதவில்லை, இரண்டு பக்கமும் படம் போடவில்லை, 'பழைய காசு, அபூர்வம்' என்ற இரண்டே சொல். பொருளைப் பற்றித் தான் படிக்க வேண்டியதை வாங்குபவன் படித்து, அதையும் எட்டு மணிக்கே அறிவித்துவிட வேண்டுமாம்.

உண்மையில் அவர்கள் கேட்பது ஏலச் சூட்டை. விழுப்புரம் பக்கம் ஒட்டனந்தல் முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்தின்போது வேலில் செருகிய எலுமிச்சம்பழங்களை ஏலம் விடுகிறார்கள். ஒரே பழம் ஆயிரக்கணக்கில் போகும். அங்கே அது பக்தி, நேர்த்திக்கடன், ஊர் முன்னால் தலை நிமிர்வது. அந்தச் சூடு அங்கே நியாயம். பழம் எடுக்க வந்தவர்கள் அதற்காகவே வந்தவர்கள். காசு விற்பவர் அதே வேகத்தை என்னிடமும் எதிர்பார்க்கிறார். 'அவன் 1,800 என்றான், நான் விடுவேனா' என்று ரத்தம் கொதிக்க வேண்டும். தன் எல்லையை நிதானமாக முடிவு செய்து, ஒரே முறை கேட்டு, கிடைத்தால் சரி கிடைக்காவிட்டால் சரி என்று போகிறவன் அவருக்கு எரிச்சல் மூட்டுகிறான். நிதானத்துக்குத்தான் அவர் திருட்டுப் பட்டம் கட்டுகிறார்.

அந்தச் சூட்டைச் செயற்கையாக மூட்டுகிறவர்களும் உண்டு என்பதைக் குழுவில் யாரும் பேசுவதில்லை. விற்பவரே மச்சானையோ கூட்டாளியையோ வைத்து விலை ஏற்றுவது. முன்னதாக உச்ச விலை சொன்னவன்தான் இதற்கு இரை. அவன் எல்லை தெரியும்வரை ஆள் வைத்துக் கேட்டு ஏற்றிவிடலாம். பத்து நொடி மிச்சமிருக்கையில் வருகிறவனிடம் அந்த வித்தை பலிக்காது. எல்லா விற்பனையாளரும் ஆள் வைப்பவர்கள் என்று நான் சொல்லவில்லை. கடைசி நொடிப் பழக்கம் ஒழிந்தால் முதலில் மகிழ்பவர்கள் யார் என்று மட்டும் யோசிக்கச் சொல்கிறேன்.

எதிர்க்கட்சிக்காரர்களிடம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு ஜெயிக்க எனக்கு விருப்பமில்லை. கடைசி நொடியில் அனுப்பியதெல்லாம் போய்ச் சேருவதில்லை. புயல் சின்னம் என்று வானிலை மையம் சொன்னாலே எங்கள் தெருவில் இணையம் படுத்துவிடும். கேள்விகள் வழியில் தொலைந்தால் போட்டி குறையும், போட்டி குறைந்தால் விலை குறையும். ராத்தும் ஒக்கன்ஃபெல்ஸும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். பின்னர் ஜெஃப்ரி ஈலி, தன்ஜிம் ஹொசைன் என்ற இருவர் ஈபேயில் தாங்களே டிவிடிகளுக்கு ஏலம் கேட்டுப் பார்த்து, கடைசியில் கேட்பவனுக்குக் கொஞ்சம் ஆதாயம் இருக்கிறது என்று 2009ல் எழுதினார்கள். இருக்கிறது, கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்கு ஈடாக, கேள்வி தொலைந்தால் கையில் எதுவுமே இல்லாமல் போகும் ஆபத்தை அவன்தான் சுமக்கிறான். விற்பவருக்கு அது நஷ்டம் என்றால், நீட்டிப்பு என்கிற ஒரு வரி எழுதப் பேனா அவர் கையில். குறைந்தது இவ்வளவு வேண்டும் என்றால் ஆரம்ப விலையை அங்கேயே வைக்கலாம். 500 என்று தூண்டில் போட்டு ஆள் சேர்த்துவிட்டு, 1,650க்கு அழுவானேன்?

எங்கள் ஊர் யாழ்மூரிநாதர் கோயில் கதை பலருக்குத் தெரியும். சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்கவில்லை. நீலகண்ட யாழ்ப்பாணர் மனம் நொந்து யாழையே முறிக்கப்போனார். சம்பந்தர் தடுத்து அதைக் கையில் வாங்கிக்கொண்டார். பாணர் கோபித்தது கருவியின் மேல். அது கொஞ்சம் மிகைதான், ஆனாலும் திசை சரி. பாடியவரை முறிக்க அவர் கிளம்பவில்லை.

தை பிறந்ததும் நானே ஒரு காசை அந்தக் குழுவில் ஏலத்துக்கு விட்டேன். இரண்டு பக்கமும் படம், எடை, ஓரத் தேய்மானம் எல்லாம் எழுதி, ஆரம்ப விலை 1,000, பத்து மணிக்கு முடியும், ஆனால் கடைசிக் கேள்விக்குப் பின் மூன்று நிமிடம் நீளும் என்றும் போட்டேன். 9.58 வரை ஓர் ஈ காக்கை இல்லை. அதற்கப்புறம் ஐந்து பேர். பத்து மணி பதினாறு நிமிடத்துக்கு 2,300ல் முடிந்தது. எடுத்தவர், என்னை ஒளிந்திருந்து கொத்துகிறவன் என்றாரே, அவர்தான். அவருடைய முதல் கேள்வி வந்தபோது மணி 9.59. காசை மறுநாளே தபாலில் அனுப்பிவிட்டேன்.